அத்தியாயம் 6: மும்பைத் தரவுக்கு ஐதராபாத்தில் ஒரு பிரதி

2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. 2020 அக்டோபர் 12 காலையில் மின்தொகுப்புக் கோளாறால் மாநகரின் பெரும்பகுதிக்கு மின்சாரம் போய், புறநகர் ரயில்கள் தண்டவாளத்திலேயே நின்றன. இந்த இரண்டு தேதிகளையும் ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் சொல்வது என் வழக்கம். "எங்க டேட்டாதான் கிளவுட்ல இருக்கே" என்று அவர்கள் நிம்மதியாகச் சொல்லும்போது, கிளவுடுக்கும் ஓர் ஊர் உண்டு, அந்த ஊரிலும் மழை பெய்யும் என்று நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

அமேசான் வெப் சர்வீசஸின் மும்பை ரீஜன் 2016 ஜூனில் தொடங்கியது. அதில் தனித்தனி தரவு மையங்களாக இயங்கும் மூன்று அவைலபிலிட்டி ஸோன்கள் உள்ளன. ஒரு கட்டடத்தில் மின்சாரமோ குளிரூட்டலோ போனால் இந்த ஏற்பாடு தாங்கிவிடும். ஊரே முடங்கினால் வேறோர் ஊர்தான் கைகொடுக்கும். 2022 நவம்பரில் ஐதராபாத் ரீஜன் வரும்வரை அந்தக் கிளவுடில் இந்தியாவுக்குள் இரண்டாவது ஊர் கிடையாது. பணப் பட்டுவாடாத் தரவை இந்தியாவிலேயே சேமிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் சுற்றறிக்கை விட்ட பிறகு, சிங்கப்பூரில் ஒரு நகல் வைத்துக்கொள்ளலாம் என்ற வழியும் அத்தகைய நிறுவனங்களுக்கு அடைபட்டது. இப்போது அந்தக் குறை தீர்ந்திருக்கிறது. மும்பையில் அசல், ஐதராபாத்தில் பிரதி என்று வைத்துக்கொள்ள முடியும்.

இந்த அத்தியாயத்தில் செய்யப்போகும் வேலை இதுதான். மும்பையில் ஒரு நிறுவனத்தின் கோப்புகள் 4 டெராபைட் அளவுக்கு எஃப்.எஸ்.எக்ஸ். ஒன்டாப் சேமிப்பகத்தில் இருக்கின்றன. அமேசான் தன் கிளவுடில் நெட்ஆப் நிறுவனத்தின் ஒன்டாப் மென்பொருளை ஓட்டித் தரும் சேவை இது; 2021 செப்டம்பரில் வந்தது. ஒன்டாப்பில் ஸ்னாப்மிரர் என்ற நகலெடுக்கும் வசதி உண்டு. அதைக் கொண்டு ஐதராபாத்திலுள்ள இன்னொரு எஃப்.எஸ்.எக்ஸ். சேமிப்பகத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பிரதி புதுப்பிக்கப்பட வேண்டும்.

ஸ்னாப்மிரரை ஓட்டுவது கடினமில்லை. அதற்கு முன்னால், இரண்டு தனித்தனி மெய்நிகர் வலையமைப்புகளுக்கு இடையே பாதை போடுவதில்தான் நாள் கணக்கில் நேரம் போகிறது. அமேசான் இந்த வலையமைப்பை வி.பி.சி. என்கிறது. ஒவ்வொரு வி.பி.சி.யும் சுற்றுச்சுவர் எழுப்பிய தனி வளாகம். ஒரே நிறுவனம், ஒரே கணக்கு, ஒரே ஊர் என்றாலும் ஒரு வளாகத்துக்கும் அடுத்த வளாகத்துக்கும் தானாகப் பேச்சு வார்த்தை கிடையாது.

ஒரு தாளும் நடுவில் ஒரு கோடும்

கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் மும்பை, வலப்பக்கம் ஐதராபாத். இனி வரும் ஒவ்வொரு வேலையையும் இரு பக்கமும் எழுதி, இரு பக்கமும் டிக் அடிக்க வேண்டும். இந்த வேலையில் நான் பார்த்த தவறுகளில் முக்கால்வாசி ஒரே வகை: ஒரு பக்கம் செய்தார்கள், மறு பக்கம் செய்ததாக நினைத்துக்கொண்டார்கள்.

தாளின் வலப்பக்கத்தில் முதல் வரியாக, ஐதராபாத் ரீஜனை உங்கள் கணக்கில் இயக்கியாகிவிட்டதா என்று எழுதுங்கள். 2019 மார்ச் 20க்குப் பிறகு வந்த ரீஜன்கள் எல்லாம் கணக்கில் முடக்கப்பட்ட நிலையிலேயே இருக்கும். நாம் போய் இயக்க வேண்டும். சில நிமிடங்களில் முடியலாம், சில மணி நேரமும் ஆகலாம். மாலை ஆறு மணிக்கு வேலையைத் தொடங்கி இதில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. முதல் நாளே செய்துவிடுங்கள்.

முகவரியில் கைவைக்கும்போது

அடுத்த வரி முகவரி. இங்கே நிதானமாக இருங்கள். மற்ற எதில் தவறினாலும் பத்து நிமிடத்தில் திருத்திவிடலாம். இதில் தவறினால் வளாகத்தையே இடித்துக் கட்ட வேண்டும்.

தனியார் வலையமைப்புகளுக்கென்று உலகம் முழுக்க ஒதுக்கப்பட்ட முகவரித் தொகுதிகள் மூன்று: 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16. வி.பி.சி.க்கான முகவரிகளை இவற்றிலிருந்து எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். தொகுதியின் அளவு /16 முதல் /28 வரை இருக்கலாம். /16 என்றால் 65,536 முகவரிகள். /28 என்றால் வெறும் 16. வி.பி.சி.யின் உட்பிரிவான ஒவ்வொரு சப்நெட்டிலும் முதல் நான்கையும் கடைசி ஒன்றையும் அமேசான் தனக்கென வைத்துக்கொள்ளும் என்பதால், /28 சப்நெட்டில் நமக்குக் கையில் வருவது 11தான்.

இரண்டு வி.பி.சி.க்களின் முகவரித் தொகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று துளி படிந்தாலும் அவற்றுக்கு இடையே பியரிங் என்ற நேரடி இணைப்பு போட முடியாது. ஒரே தெருப்பெயரும் ஒரே கதவு எண்ணும் இரண்டு ஊரில் இருந்தால், ஊர்ப்பெயர் போடாத கடிதத்தைத் தபால்காரர் எங்கே கொடுப்பார்? இரண்டாவதாக ஒரு முகவரித் தொகுதியைச் சேர்த்துச் சமாளிக்கலாம் என்று சிலர் முயல்வார்கள். அதுவும் பலிக்காது. பழைய தொகுதி முட்டிக்கொண்டிருக்கும் வரை இணைப்பு மறுக்கப்படும். வி.பி.சி.யின் முதன்மைத் தொகுதியை உருவாக்கிய பிறகு மாற்றவும் வழியில்லை.

இந்த மோதல் அபூர்வமாக நடப்பதன்று. அமேசான் ஒவ்வொரு ரீஜனிலும் ஒரு டீஃபால்ட் வி.பி.சி. தருகிறது. அதன் முகவரி எல்லா ரீஜனிலும் 172.31.0.0/16. மும்பையிலும் அதே, ஐதராபாத்திலும் அதே. அவசரத்துக்கு டீஃபால்ட்டில் தொடங்கியவர்கள் எல்லோரும் இந்தச் சுவரில் வந்து இடிப்பார்கள். நானே ஒருமுறை ஒரு வாடிக்கையாளருக்காக ஐதராபாத்தில் சேமிப்பகத்தை எழுப்பி, கோப்புகள் இருக்கும் பிரிவுகளான வால்யூம்களை எல்லாம் ஒழுங்குபடுத்தி வைத்துவிட்டு, பியரிங் போடும் கட்டத்தில்தான் இரண்டும் 172.31 என்று பார்த்தேன். எஃப்.எஸ்.எக்ஸ். சேமிப்பகத்தை ஒரு வி.பி.சி.யிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்த முடியாது. அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டினோம். அங்கே இன்னும் அசல் தரவு எதுவும் வராததால் பிழைத்தோம்.

எனவே தாளில் இப்படி எழுதிக்கொள்வோம். மும்பை வி.பி.சி. 10.20.0.0/16, அதில் சேமிப்பகத்துக்கென்று தனி சப்நெட் 10.20.8.0/24. ஐதராபாத் வி.பி.சி. 10.30.0.0/16, சேமிப்பக சப்நெட் 10.30.8.0/24. பக்கத்திலேயே உங்கள் அலுவலகத்தின் முகவரித் தொகுதியையும் எழுதுங்கள். அது 192.168.1.0/24 என்றால் அதையும் இவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாளை இன்னொரு நிறுவனத்தோடு இணைய வேண்டியிருக்கலாம். எல்லோரும் எடுக்கும் 10.0.0.0/16ஐ நான் எப்போதும் தவிர்த்துவிடுவேன்.

பியரிங்: கேட்பவரும் ஒப்புபவரும்

2014இல் பியரிங் வந்தபோது ஒரே ரீஜனுக்குள் மட்டும் போட முடிந்தது. 2017 நவம்பரிலிருந்து வெவ்வேறு ரீஜன்களுக்கு இடையிலும் போடலாம். இந்தப் பாதையில் போகும் தரவு பொது இணையத்தைத் தொடுவதில்லை. அமேசானின் சொந்த வலையமைப்பிலேயே, மறைகுறியாக்கப்பட்டுப் போகிறது. நகலெடுப்பு வேலைக்கு அதனால்தான் இதை முதலில் பரிந்துரைக்கிறேன்.

மும்பைப் பக்கம் உட்கார்ந்து வி.பி.சி. பக்கத்தில் பியரிங் இணைப்பைக் கோருங்கள். எதிர்ப்பக்க ரீஜனையும் எதிர்ப்பக்க வி.பி.சி.யின் அடையாள எண்ணையும் கொடுக்க வேண்டும். பிறகு ரீஜனை ஐதராபாத்துக்கு மாற்றி அங்கே போய் ஒப்புதல் கொடுங்கள். மும்பைத் திரையிலேயே ஒப்புதல் பொத்தானைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். அது எதிர்ப்பக்கத்தில்தான் தெரியும். ஏழு நாளுக்குள் ஒப்புதல் வராவிட்டால் கோரிக்கை காலாவதியாகிவிடும். இரு பக்கமும் ஒரே கணக்கு என்றால் இது இரண்டு நிமிட வேலை. எதிர்ப்பக்கம் வேறு துறையின் கணக்கு, அங்கே ஒப்புதல் தர வேண்டியவர் விடுப்பில் என்றால் ஏழு நாள் சீக்கிரம் ஓடிவிடும். முன்கூட்டியே போனில் சொல்லி வையுங்கள்.

இணைப்பு 'ஆக்டிவ்' என்று காட்டியதும் வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம். பாலம் கட்டியாகிவிட்டது, பாலத்துக்குப் போகும் சாலை இன்னும் இல்லை.

சாலையும் கதவும்

சாலை என்பது ரூட் டேபிள். மும்பை ரூட் டேபிளில், 10.30.8.0/24க்குப் போக வேண்டியவை இந்தப் பியரிங் வழியாகப் போகட்டும் என்று ஒரு வரி. ஐதராபாத் ரூட் டேபிளில், 10.20.8.0/24க்கு அதே போல ஒரு வரி. முழு /16ஐயும் எழுதிவிடலாமே என்று கேட்பார்கள். நகலெடுப்புக்குத் தேவை சேமிப்பக சப்நெட் மட்டும்தான். ஒருநாள் மும்பையில் ஏதோ ஒரு சர்வர் வைரஸால் பாதிக்கப்பட்டால், அதற்கு ஐதராபாத் முழுவதற்கும் நாமே சாலை போட்டுக் கொடுத்திருக்கக் கூடாது. சிறிய தொகுதியையே எழுதுங்கள்.

எந்த ரூட் டேபிள் என்பதையும் கவனியுங்கள். ஒரு வி.பி.சி.யில் பல ரூட் டேபிள்கள் இருக்கும். மெயின் என்று குறித்த அட்டவணையில் வரியைச் சேர்த்துவிட்டு, சேமிப்பக சப்நெட் வேறோர் அட்டவணையோடு கட்டப்பட்டிருப்பதைப் பார்க்காமல் விட்டால், வரி இருந்தும் பயனில்லை. சப்நெட்டின் பக்கத்தைத் திறந்து, அங்கிருந்து எந்த அட்டவணைக்கு இணைப்பு போகிறது என்று பார்த்து, அதில் எழுதுங்கள். பிற்பாடு யாராவது பியரிங்கை நீக்கினால் அந்த வரி தானாக மறையாது. 'பிளாக்ஹோல்' என்ற நிலையில் அப்படியே நிற்கும். ரூட் டேபிள்களை மாதம் ஒருமுறை பார்க்கும் பழக்கம் இருந்தால் அது கண்ணில் படும்.

கதவுகள் இரண்டு அடுக்கு. உள் கதவு செக்யூரிட்டி குரூப். வெளிக் கதவு சப்நெட்டின் வாசலில் நிற்கும் நெட்வொர்க் ஏ.சி.எல். ஸ்னாப்மிரருக்குத் திறக்க வேண்டிய டி.சி.பி. போர்ட்டுகள் 11104, 11105. முன்னது இரு பக்கச் சேமிப்பகங்களும் தங்களுக்குள் உரையாட, பின்னது தரவு ஓட. இவற்றோடு 443ஐயும், சோதனைக்கு ஐ.சி.எம்.பி.யையும் திறக்கிறோம். மும்பை செக்யூரிட்டி குரூப்பில் 10.30.8.0/24இலிருந்து, ஐதராபாத் செக்யூரிட்டி குரூப்பில் 10.20.8.0/24இலிருந்து. ஒரே ரீஜனுக்குள் பியரிங் போட்டுப் பழகியவர்கள் எதிர்ப்பக்க செக்யூரிட்டி குரூப்பின் பெயரையே விதியில் எழுதப் பார்ப்பார்கள். ரீஜன் தாண்டினால் அது செல்லாது. முகவரித் தொகுதியைத்தான் எழுத வேண்டும்.

இந்த இரண்டு கதவுகளுக்கும் ஒரு குணபேதம் உண்டு, அதை மறந்தால் இரவுத் தூக்கம் போகும். செக்யூரிட்டி குரூப்புக்கு ஞாபகம் உண்டு. உள்ளே விட்டவரின் பதிலை வெளியே விட அது தனி அனுமதி கேட்காது. ஏ.சி.எல்.லுக்கு ஞாபகம் இல்லை. வருவதற்கு ஒரு விதி, போவதற்கு ஒரு விதி, இரண்டும் தனித்தனி.

ஓர் இரவு பதினொரு மணிக்கு என்னோடு வேலை பார்க்கும் தம்பி கூப்பிட்டார். "அண்ணா, பிங் ரெண்டு பக்கமும் போகுதுண்ணா. ஆனா ரெண்டு ஸ்டோரேஜுக்கும் நடுவுல பியர் ஸ்டேட்டஸ் அன்அவைலபிள்னே காட்டுது. ஸ்டோரேஜ்லதான் ஏதோ பக் போல."

"ரூட் பாத்தியாப்பா?"

"ரெண்டு பக்கமும் பாத்துட்டேன். செக்யூரிட்டி குரூப்பும் ஓகே."

"ஏ.சி.எல்.?"

"அதுல 11104, 11105 ரெண்டும் திறந்திருக்குண்ணா. உள்ளேயும் வெளியேயும்."

அங்கேதான் விஷயம் இருந்தது. எது உள்ளே விடப்பட்டது, எது தடுக்கப்பட்டது என்று பதியும் வி.பி.சி. ஃப்ளோ லாக்கை இயக்கச் சொன்னேன். பதிவின் இடைவெளி வழக்கமாகப் பத்து நிமிடம். அதை ஒரு நிமிடமாகக் குறைத்துக்கொள்ளலாம். சற்று நேரத்தில் ஐதராபாத் சேமிப்பகத்தின் வரிகள் வந்தன. மும்பையிலிருந்து 11104க்கு வந்த வரியின் கடைசியில் 'அக்செப்ட்'. அதே முகவரிக்குத் திரும்பிப் போகும் வரியில், போர்ட் ஐம்பதாயிரத்துச் சொச்சம், 'ரிஜெக்ட்'. கேள்வி 11104க்கு வருகிறது. பதில் 11104க்குப் போவதில்லை. கேட்டவர் தன் பக்கத்தில் தற்காலிகமாக எடுத்துக்கொண்ட ஏதோ ஒரு போர்ட்டுக்குத்தான் பதில் திரும்பும். அந்தத் தற்காலிகப் போர்ட்டுகளுக்கு, அதாவது 1024 முதல் 65535 வரைக்கும், ஏ.சி.எல். வெளியே விட வேண்டும். மறுமுனையில் உள்ளேயும் விட வேண்டும். எதிர்ப்பக்க சேமிப்பக சப்நெட்டுக்கு மட்டும் அதைத் திறந்தோம். அடுத்த நிமிடம் நிலை 'அவைலபிள்' ஆயிற்று.

பிங் போனது ஏன்? ஐ.சி.எம்.பி.க்குப் போர்ட் கிடையாது. இரு திசையும் ஏற்கெனவே திறந்திருந்தது. பிங் போகிறதென்றால் சாலை இருக்கிறது என்று அர்த்தம். டி.சி.பி. போர்ட்டுகளின் கதவைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

சேமிப்பகங்கள் கைகுலுக்கும் கட்டம்

வலையமைப்பு சரியானால் மீதி மளமளவென்று நடக்கும். ஒவ்வொரு எஃப்.எஸ்.எக்ஸ். சேமிப்பகத்தின் நிர்வாகப் பக்கத்திலும் 'இன்டர் கிளஸ்டர்' என்ற தலைப்பில் ஐ.பி. முகவரிகள் இருக்கும். சாதாரண அமைப்பில் இரண்டு இருக்கும். உள்ளே இயங்கும் இரண்டு நோடுகளுக்கு ஒவ்வொன்று. இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் கொடுத்தாலும் அன்றைக்கு வேலை நடக்கலாம். நோடு மாறும் நாளில் நகலெடுப்பு நின்றுவிடும்.

ஐதராபாத் ஒன்டாப்பில் நுழைந்து, மும்பை முகவரிகளைக் கொடுத்து, கிளஸ்டர் பியரை உருவாக்கச் சொன்னால் அது ஒரு ரகசியச் சொற்றொடரைத் தரும். மும்பைப் பக்கம் போய் ஐதராபாத் முகவரிகளோடு அந்தச் சொற்றொடரையும் கொடுக்க வேண்டும். அதற்கு ஆயுள் வழக்கமாக ஒரு மணி நேரம். வாட்ஸ்ஆப்பில் அனுப்பாதீர்கள், முடிந்தால் ஒருவரே இரு திரையையும் திறந்துவைத்துச் செய்துவிடுங்கள்.

அடுத்து எஸ்.வி.எம். அளவிலான இணைப்பு. ஒரு சேமிப்பகத்துக்குள் கோப்புகளை வழங்கும் தனிப் பிரிவுக்கு எஸ்.வி.எம். என்று பெயர். இரு பக்கமும் ஒரே பெயர் வைத்திருந்தால் இந்த இடத்தில் தகராறு வரும். மும்பை எஸ்.வி.எம்.முக்கு மும்பை என்றும், ஐதராபாத்துக்கு ஐதராபாத் என்றும் தெரியும்படியே பெயர் வையுங்கள். ஆபத்து நேரத்தில் பதற்றத்தோடு கட்டளை அடிப்பவருக்கு அந்தப் பெயர் ஒரு காவல்.

ஐதராபாத் வால்யூமை உருவாக்கும்போது அதன் வகையை டி.பி. (டேட்டா புரொடெக்‌ஷன்) என்று குறிக்க வேண்டும். அசலின் அளவுக்காவது இருக்க வேண்டும். பிறகு ஸ்னாப்மிரர் உறவை உருவாக்கி, கால அட்டவணை கொடுத்து, முதல் நகலைத் தொடங்குங்கள்.

முதல் நகலுக்கு எத்தனை நேரம்

தொடங்குவதற்கு முன் கணக்குப் போட்டு மேலதிகாரியிடம் சொல்லிவிடுங்கள். 4 டெராபைட், நொடிக்கு 500 மெகாபிட் வேகம் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், 64,000 நொடி. ஏறக்குறைய 18 மணி நேரம். வெள்ளிக்கிழமை மாலை தொடங்கினால் சனிக்கிழமை மதியத்துக்கு மேல் முடியும். அதன்பின் மாறிய துண்டுகள் மட்டும் போகும். ஒரு நாளில் ஒரு சதவீதம், அதாவது 40 கிகாபைட் மாறுகிறது, அந்த மாற்றம் எல்லாம் பத்து மணி நேர அலுவலக நேரத்தில் நடக்கிறது என்றால், ஒரு மணிக்கு 4 கிகாபைட். அதே வேகத்தில் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். மணிக்கொருமுறை என்பது தாராளமாகத் தாங்கும். எஃப்.எஸ்.எக்ஸ்.ஸில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வரை நெருக்கலாம்.

எழுதும்போதே இரண்டு ஊரிலும் ஒன்றாக எழுதிவிட்டால் ஒரு நொடித் தரவும் போகாதே என்று நிர்வாகம் கேட்கும். மும்பைக்கும் ஐதராபாத்துக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய 620 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்வர மட்டும் ஆறு மில்லிநொடிக்கு மேல். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் இன்னும் கூடும். ஒவ்வொரு எழுத்தும் அந்தப் பயணத்துக்காகக் காத்திருந்தால் மும்பையில் வேலை செய்பவர் தினமும் அதன் சுமையைச் சுமக்க வேண்டும். ஒரு மணி நேரத்து வேலை போனால் தாங்குமா, ஐந்து நிமிடம் போனால் தாங்குமா என்று கேட்டு, அந்தப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு கால அட்டவணையை முடிவு செய்யுங்கள்.

ரீஜன் தாண்டிப் போகும் ஒவ்வொரு கிகாபைட்டுக்கும் அனுப்பும் பக்கம் கட்டணம் உண்டு. முதல் மாத பில்லில் 4 டெராபைட்டின் செலவு மொத்தமாக வந்து நிற்கும். அதையும் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

இன்னொன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பிரதி வேறு, பேக்கப் வேறு. மும்பையில் ஒருவர் தவறி ஒரு ஃபோல்டரை அழித்தால், அடுத்த மணியில் ஐதராபாத்திலும் அது அழிந்திருக்கும். ரேன்சம்வேர் பூட்டிய கோப்பும் பூட்டியபடியே போய்ச் சேரும். ஐதராபாத்தில் பழைய ஸ்னாப்ஷாட்களை, அதாவது அந்தந்த நேரத்து நிலையின் பதிவுகளை, நாள் கணக்கில், வாரக் கணக்கில் வைத்திருக்கும் கொள்கையையும் உறவோடு சேர்த்தே அமையுங்கள்.

மும்பை இல்லாதபோது அலுவலகம் எந்த வழியில் வரும்

பல திட்ட அறிக்கைகளில் இந்தக் கேள்வியே இருப்பதில்லை. உங்கள் அலுவலகத்திலிருந்து மும்பை வி.பி.சி.க்கு வி.பி.என். இருக்கிறது. மும்பைக்கும் ஐதராபாத்துக்கும் பியரிங் இருக்கிறது. ஆகவே அலுவலகத்திலிருந்து மும்பை வழியாக ஐதராபாத்துக்குப் போய்விடலாம் என்று படம் பார்ப்பவருக்குத் தோன்றும். முடியாது. பியரிங் இரண்டு வி.பி.சி.க்களுக்கு மட்டுமே உரிய பாதை. மூன்றாமவர் அதில் நடக்க முடியாது. முடிந்தாலும், மும்பை விழுந்த நாளில் மும்பை வழியாகப் போவது எப்படி? அலுவலகத்திலிருந்து ஐதராபாத்துக்குத் தனி வி.பி.என். போட்டு, சோதித்து வையுங்கள்.

பல அவைலபிலிட்டி ஸோன்களில் பரவிய எஃப்.எஸ்.எக்ஸ். அமைப்பில் இன்னொரு நுணுக்கம் உண்டு. இன்டர் கிளஸ்டர் முகவரிகள் பியரிங் வழியாகக் கிடைக்கும் என்பதால் நகலெடுப்புக்குத் தடையில்லை. கோப்புகளைத் திறக்கப் பயன்படும் முகவரிகள் இடம் மாறும் இயல்புடையவை, வேறு வி.பி.சி.யிலிருந்து அவற்றை அடைய பல வி.பி.சி.க்களை ஒரு மையத்தில் இணைக்கும் டிரான்சிட் கேட்வே வேண்டும். நகலெடுப்பு ஓடுகிறதே, கோப்பு ஏன் திறக்கவில்லை என்று குழம்புகிறவர்களுக்குப் பதில் இதுதான்.

டிரான்சிட் கேட்வே எப்போது என்று கேட்டால் என் கணக்கு எளிது. இரண்டு வி.பி.சி.க்கு ஒரு பியரிங், மூன்றுக்கு மூன்று, ஐந்துக்குப் பத்து, பத்துக்கு நாற்பத்தைந்து. நான்கைத் தாண்டப் போகிறீர்கள் என்றால் தொடக்கத்திலேயே டிரான்சிட் கேட்வேக்குப் போய்விடுங்கள். மணிக்கணக்கிலும் கிகாபைட் கணக்கிலும் அதற்குக் கட்டணம் உண்டு என்பதால், இரண்டே வி.பி.சி. உள்ளவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை.

எழுப்பிப் பார்த்தல்

ஐதராபாத் வால்யூம் படிக்க மட்டுமே உரியது. மும்பை விழுந்தால் ஸ்னாப்மிரர் உறவை நிறுத்தி, முறித்து, வால்யூமை எழுதத் தக்கதாக்கி, பாதை கொடுத்து ஏற்ற வேண்டும். வால்யூம் அளவில் எடுக்கும் நகலில் கோப்புகளும் அவற்றின் அனுமதிகளும் வரும். ஷேர் அமைப்புகளும் எக்ஸ்போர்ட் பாலிசிகளும் வராது. அவற்றை ஐதராபாத்தில் இப்போதே உருவாக்கி வையுங்கள். விண்டோஸ் பயனர்கள் நுழைய ஆக்டிவ் டைரக்டரியும் டி.என்.எஸ்.சும் அந்தப் பக்கத்தில் உயிரோடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 4 டெராபைட்டும் கண்முன் இருக்க, ஒருவராலும் திறக்க முடியாமல் நிற்பீர்கள்.

இதை ஓடும் உறவை முறிக்காமலே ஒத்திகை பார்க்கலாம். ஐதராபாத் வால்யூமின் ஒரு ஸ்னாப்ஷாட்டிலிருந்து ஃபிளெக்ஸ்குளோன் என்ற உடனடி நகலை எடுத்து அதை ஏற்றுங்கள். நிமிடத்தில் தயாராகும், அசலின் இடத்தை இன்னொரு மடங்கு பிடிக்காது. கணக்குப் பிரிவிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு, அவர் தினமும் தொடும் ஒரு கோப்பை அங்கே திறந்து, ஒரு வரி மாற்றி, சேமிக்கச் சொல்லுங்கள். தொழில்நுட்பக் குழு தனக்குத்தானே நடத்தும் சோதனையில் எல்லாம் பாஸ் ஆகும். அந்தக் கணக்கர் திறக்கும்போதுதான் எந்த அனுமதி விடுபட்டது, எந்தப் பெயர் மும்பை முகவரியையே காட்டுகிறது என்று தெரியும்.

மும்பை மீண்டு வந்த பின் திரும்பிப் போகும் வழியும் இருக்கிறது. திசையைத் திருப்பி, ஐதராபாத்தில் சேர்ந்த மாற்றங்களை மும்பைக்கு ஒத்திசைக்க வேண்டும். அப்போது, இரு பக்கமும் கடைசியாக ஒத்திருந்த ஸ்னாப்ஷாட்டுக்குப் பிறகு மும்பையில் மட்டும் எழுதப்பட்டவை அழியும். அந்தக் கட்டளையை அடிப்பதற்கு முன் இரண்டு பேர் சேர்ந்து திசையை உரக்கப் படித்துப் பாருங்கள். எஸ்.வி.எம்.முக்கு ஊர்ப்பெயர் வைக்கச் சொன்னது இந்த நொடிக்காகத்தான்.

தாளின் அடியில் இன்னும் ஒரு வரிக்கு இடம் விட்டிருப்பீர்கள். அதில் அடுத்த ஒத்திகையின் தேதியையும், கோப்பைத் திறந்து பார்க்கப் போகும் கணக்கரின் பெயரையும் எழுதி, சுவரில் ஒட்டிவிடுங்கள்.